கதவுத் தகட்டில் ‘வி’, அடியில் 3.50: ஒரு 1969 மாக் 1 காரின் பின் ஆக்சிலைச் சரிபார்த்த கதை

விற்பவரின் விளம்பரம் மூன்று விஷயங்களைச் சொன்னது. கார் 1969 ஃபோர்டு மஸ்டாங் மாக் 1. எஞ்சின் 428 சூப்பர் கோப்ரா ஜெட். பின் ஆக்சில் ஃபேக்டரியில் போட்ட 3.91 டிராக்‌ஷன்-லாக், இன்றுவரை கை வைக்காதது. (3.91 என்பது ரேஷியோ: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் 3.91 சுற்று சுற்றும். டிராக்‌ஷன்-லாக் என்பது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை.) கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் அதை வாங்க நினைத்தார். பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் சரிபார்த்துத் தரச் சொன்னார். “எஞ்சினை நல்லாப் பாருங்க, ஆக்சிலை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நான் ஆக்சிலில் இருந்துதான் தொடங்கினேன். இந்தக் காரில் எஞ்சினின் பெயரைத் தீர்மானிப்பதே ஆக்சில்தான்.

அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் மேலே போனால் மற்ற எதுவும் புரியாது.

ஃபோர்டு 428 கோப்ரா ஜெட் எஞ்சினை 1968 மாடல் ஆண்டின் நடுவில், ஏப்ரலில், விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரோட் ஐலண்டில் ஃபோர்டு டீலராக இருந்த பாப் டாஸ்கா, இருக்கிற உதிரிபாகங்களையே வைத்து மஸ்டாங்கை எவ்வளவு வேகமாக ஆக்கலாம் என்று செய்து காட்டியதுதான் அதற்கு வித்து. 428 கன அங்குலம், அதாவது சுமார் 7 லிட்டர். ஃபோர்டு காகிதத்தில் சொன்னது 335 குதிரைத்திறன். உண்மையில் அதைவிட அதிகம் என்பது அப்போதே ஊரறிந்த விஷயம். காப்பீட்டு நிறுவனங்களையும் பந்தயப் பிரிவுகளையும் மனதில் வைத்துக் குறைத்துச் சொன்ன எண் அது.

இந்த எஞ்சினோடு 3.91 அல்லது 4.30 பின் ஆக்சிலை ஒருவர் ஆர்டர் செய்தால், அவர் காரை டிராக் ஓட்டத்துக்கு, அதாவது கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று ஃபோர்டு எடுத்துக்கொண்டது. அப்படி ஓட்டினால் எஞ்சின் அதிகச் சுற்றில் சுற்றும், அடிப்பகுதி தாங்காது. அதனால் அந்த ஆக்சிலைக் கேட்டவருக்கு எஞ்சினின் உள்ளேயும் பலமான பாகங்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஃபோர்டின் பந்தய எஞ்சினான 427 லெ மானின் வழியில் வந்த, நட்டு இல்லாமல் கேப் ஸ்குரூவால் இறுக்கும் கனெக்டிங் ராடுகள்; அந்த ராடுகளின் கூடுதல் எடைக்கு ஈடாக வேறு கிராங்க் ஷாஃப்ட்; முன்பக்கம், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வெளி எதிர் எடை; ரேடியேட்டருக்கு முன்னால் எஞ்சின் ஆயில் கூலர். இந்தத் தொகுப்புக்குத்தான் டிராக் பேக் என்று பெயர். இப்படி வந்த எஞ்சின்தான் சூப்பர் கோப்ரா ஜெட்.

ஆக, 3.91 அல்லது 4.30 ஆக்சில் இல்லாமல் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்த 428 கோப்ரா ஜெட் மஸ்டாங், சூப்பர் கோப்ரா ஜெட் கிடையாது. ஃபேக்டரி காருக்குக் கொடுக்கும் வண்டி எண்ணில் (பதிவு எண் இல்லை) இந்த வேறுபாடு தெரியாது. ராம் ஏர், அதாவது பானெட் வழியாக வெளிக்காற்றை எஞ்சினுக்குத் தரும் ஏற்பாடு உள்ள 428-க்கு எஞ்சின் குறியீடு ‘ஆர்’. சாதாரண கோப்ரா ஜெட்டாக இருந்தாலும் சூப்பராக இருந்தாலும் அதே ‘ஆர்’தான். வேறுபாட்டைக் காட்டும் ஒரே எழுத்து கதவுத் தகட்டில் ‘ஆக்சில்’ என்ற கட்டத்துக்குள் இருக்கும். 1969-இல் ‘வி’ என்றால் 3.91 டிராக்‌ஷன்-லாக், ‘டபிள்யூ’ என்றால் 4.30 டெட்ராய்ட் லாக்கர் (இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் வகை). ‘எஸ்’ என்று இருந்தால் 3.50 டிராக்‌ஷன்-லாக்; அது நல்ல கார்தான், ஆனால் சூப்பர் இல்லை. ஒரே ஒரு எழுத்துதான். அதை வைத்துக் காரின் விலை பெரிய அளவில் ஏறும், இறங்கும். பொய் சொல்வதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கார்களில் வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்சில் (9 அங்குலம் அதன் கிரவுன் வீலின் விட்டம்) மாற்றுவதற்கு மிகவும் எளிதானது. அதன் பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும், விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கேரியரில் பூட்டப்பட்டு, ஹவுசிங் என்ற வெளிக்கூட்டின் முன்பக்கம் வழியாக மொத்தமாகக் கழன்று வந்துவிடும். டிராக் ஓட்டுபவர்கள் சனிக்கிழமை ஒரு கேரியர், திங்கட்கிழமை இன்னொரு கேரியர் என்று வைத்திருந்த காலம் அது. அதனால் காரின் அடியில் இன்று இருப்பது எந்த ஆக்சில் என்பது ஒரு கேள்வி. ஃபேக்டரியில் போட்டது எந்த ஆக்சில் என்பது வேறு கேள்வி. ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பார்த்த ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தவை. குழப்பியது விற்பவர் மட்டும் இல்லை, வாங்குபவரும்தான்.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

விற்பவர் அனுப்பிய படத்தில் வண்டி எண் 9-ஆர்-02-ஆர் என்று தொடங்கியது. 9 என்றால் 1969. முதல் ‘ஆர்’ சான் ஹோசே ஆலை. 02 ஸ்போர்ட்ஸ்ரூஃப் உடல், அதாவது பின்னால் சரிந்த கூரை. இரண்டாவது ‘ஆர்’ 428 ராம் ஏர் எஞ்சின். 1969-இல் இந்த எண் ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். 1968 காரில் அது பயணி பக்கம் இருக்கும். படத்தில் இடம் சரியாக இருந்தது. (சான் ஹோசே ஆலை என்று பெயர்தான், அது இருந்தது மில்பீடஸில். 1983-இல் மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடம்தான் இன்றைய கிரேட் மால். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் நம்மவர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் அதே இடத்தில் ஒரு காலத்தில் மாக் 1 கார்கள் வரிசையாக இறங்கின என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும் விஷயம்.)

அடுத்து, நேரில் போவதற்கு முன்பே மார்ட்டி ரிப்போர்ட் வாங்கச் சொன்னேன். ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளைப் பயன்படுத்தும் உரிமம் கெவின் மார்ட்டியிடம் இருக்கிறது. 1967 முதல் 1973 வரையிலான ஃபோர்டு கார்களுக்கு அவருடைய அரிசோனா நிறுவனம் இந்த ரிப்போர்ட்டை முதலில் தர ஆரம்பித்தது. வண்டி எண்ணைக் கொடுத்தால், அந்தக் காரை ஃபோர்டு எந்த நிறத்தில், எந்தக் கியர்பாக்ஸோடு, எந்த ஆக்சிலோடு, எந்தெந்த ஆப்ஷன்களோடு பதிவு செய்திருந்தது என்று வரும். மூன்று தரத்தில் கிடைக்கும். ஆக்சிலை மட்டும் தெரிந்துகொள்ள மலிவானதே போதும். பல ஆயிரம் டாலர் காரை வாங்கும்போது இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். விற்பவர் தானே வைத்திருக்கும் ரிப்போர்ட்டைக் காட்டினாலும், வாங்குபவர் தன் பெயரில் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். ஒரு காகிதத்தை நகல் எடுத்து ஓர் எழுத்தை மாற்றுவது இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூடச் செய்யும் வேலை. இந்த விற்பவர் அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை. அவரிடம் ரிப்போர்ட்டே இல்லை.

நண்பரின் ரிப்போர்ட் வந்தது. உடல் 63சி, அதாவது மாக் 1. கியர்பாக்ஸ் குறியீடு 6: குளோஸ் ரேஷியோ (கியர்களுக்கு இடையே இடைவெளி குறைந்த) 4 ஸ்பீடு. ஆக்சில்: 3.91 டிராக்‌ஷன்-லாக். காரை ஃபேக்டரி ‘வி’ ஆக்சிலோடுதான் பதிவு செய்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் நிறுத்திக்கொள்வார்கள். சூப்பர் கோப்ரா ஜெட் என்று உறுதியாகிவிட்டது, இனி என்ன என்று தோன்றும். ஆனால் விளம்பரத்தின் மூன்றாவது வரி இன்னும் அப்படியே நிற்கிறது: ‘கை வைக்காத ஆக்சில்’. அந்த வரிக்கும் சேர்த்துத்தான் விலை கேட்டிருந்தார்கள்.

நேரில் பார்த்தபோது முதலில் கதவுத் தகடு. 1969 வரை ஃபோர்டு ஓட்டுநர் கதவில் உலோகத் தகட்டை ரிவெட் அடித்து வைத்தது. 1970-இல் அது ஒட்டும் வகைக்கு மாறியது. தகட்டில் 63சி, தேதி 11-பி, ஆக்சில் ‘வி’, டிரான்ஸ்மிஷன் 6. பி என்பது பிப்ரவரி. ஆக 1969 பிப்ரவரி 11. எல்லாம் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போனது. ஆனால் ரிவெட்டுகள் பளபளவென்று புதிதாக இருந்தன. கதவு ஒருமுறை பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. தகட்டைக் கழற்றி மறுபடி அடித்திருக்கலாம், அல்லது புதிய தகடே செய்து போட்டிருக்கலாம். இந்தத் தகடுகளை வண்டி எண் கொடுத்தால் அச்சடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். பழைய தகடு துருப்பிடித்துப் போனவர்களுக்கு அது நியாயமான உதவிதான். ஆனால் சாட்சி என்று வரும்போது, கழற்றி மாட்டிய தகடு தனியாக நிற்க முடியாது. இங்கே ரிப்போர்ட் கையில் இருந்ததால் பிரச்சினை இல்லை. இதே தகடு ‘வி’ என்று சொல்லி, ரிப்போர்ட் ‘எஸ்’ என்று சொல்லியிருந்தால், நான் அந்த நிமிடமே திரும்பியிருப்பேன்.

அப்புறம் காரை லிஃப்டில் ஏற்றினோம். விற்பவரின் மெக்கானிக்கும் கூட இருந்தார். அமைதியானவர், கேட்டதை எல்லாம் செய்ய விட்டார்.

அடியில் நின்று முதலில் பார்த்தது ஷாக் அப்சார்பர்களை. 4 ஸ்பீடு போட்ட 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் பின் ஷாக்குகள் ஒன்று ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றது பின்னாலுமாகச் சாய்ந்து இருக்கும். சக்கரத்துக்குத் திடீரென்று முழு விசையும் போகும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ஆக்சில் துள்ளும். அதை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. ஷாக்கை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் அதன் மேல் முனையைப் பிடிக்கும் இடம் உடலின் தகட்டோடு பற்றவைக்கப்பட்டது. அந்தப் பற்றவைப்பில் ஃபேக்டரியின் கரடுமுரடும் பழைய பூச்சும் அப்படியே இருந்தன. ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு பிடிக்கும் தகட்டில் கீழ் முனைக்கான இடமும் அதற்குப் பொருந்தியது. ஆக, இந்த ஏற்பாடு 4 ஸ்பீடு பிக் பிளாக் (428 போன்ற பெரிய எஞ்சின்) காருக்கு உரியதுதான்.

9 அங்குலம்தானா என்று உறுதிப்படுத்த ஒரு சின்ன வழி இருக்கிறது. ஃபோர்டின் 8 அங்குல ஆக்சிலும் பார்வைக்கு ஏறக்குறைய இதே போல இருக்கும். கேரியரைப் பிடிக்கும் நட்டுகளில் அடியில் இருப்பவற்றில் சாக்கெட்டை நேராகப் போட்டுப் பாருங்கள். 8 அங்குலத்தில் போகும். 9 அங்குலத்தில் கேரியரின் விலா எலும்பு மறிக்கும்; ஓபன் ஸ்பேனர்தான் வேண்டும். இங்கே மறித்தது. கேரியரின் நெற்றியில் பெரிய ‘என்’ எழுத்து இருந்தது: நாடுலர் இரும்பில் வார்த்தது என்று பொருள். கோப்ரா ஜெட் கார்களுக்கு வர வேண்டியது இந்த ‘என்’ கேஸ்தான். இதுவரை எல்லாம் நல்லபடியாகவே போனது.

அடுத்து ரேஷியோவை அளந்தோம். இதற்கு எந்தப் பெரிய கருவியும் வேண்டாம். கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டு பின் சக்கரங்களும் காற்றில் தொங்க வேண்டும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் பினியன் யோக்கில் ஒரு கோடு. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் அதே திசையில் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் வேலை செய்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் அது லிமிடெட் ஸ்லிப் இல்லாத ஓபன் டிஃபரன்ஷியலாக இருக்கலாம், அல்லது டிராக்‌ஷன்-லாக்கின் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து போயிருக்கலாம். அப்போது ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் ரேஷியோ கிடைக்கும். இந்தக் காரில் இரண்டும் ஒரே திசையில் சுற்றின. டெட்ராய்ட் லாக்கரில் கேட்கும் கிளிக் சத்தமும் இல்லை. டிராக்‌ஷன்-லாக்தான்.

சக்கரத்தை ஒரே ஒரு சுற்று சுற்றி ‘ஏறக்குறைய மூன்றரை’, ‘ஏறக்குறைய நான்கு’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. கோடு எங்கே நிற்கிறது என்பதில் கண் நாம் விரும்புவதைத்தான் பார்க்கும். பத்துச் சுற்று சுற்ற வேண்டும். 3.91 என்றால் யோக் 39 சுற்றுக்குச் சற்று மேல் வரும். 3.50 என்றால் சரியாக 35. நான்கு சுற்று வித்தியாசம். அதில் யாரும் தவற முடியாது. மெக்கானிக் சக்கரத்தைச் சுற்ற, நான் கீழே யோக்கைப் பார்த்து எண்ணினேன். 35-இல் சாக்பீஸ் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

விற்பவர் நம்பவில்லை. மறுபடி சுற்றச் சொன்னார், தானே குனிந்து எண்ணினார். 35.

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது: அவர் ஏமாற்றவில்லை. தனக்கு விற்றவர் சொன்னதை அப்படியே நம்பி, அப்படியே விளம்பரத்தில் எழுதியிருக்கிறார். தகட்டில் ‘வி’ இருக்கிறது, அடியில் 9 அங்குல ‘என்’ கேஸ் இருக்கிறது, 3.91-தான் என்று முடிவுகட்டிவிட்டார். நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிய தவறுதான் இது. எதிர்ப்பக்கத் தவறும் அந்த அறையிலேயே நடக்கப் பார்த்தது. நண்பர் என்னைத் தனியாக அழைத்து, “அப்ப இது சூப்பர் கோப்ரா ஜெட் இல்லையா, விட்டுடலாமா?” என்று கேட்டார். இல்லை, அடியில் 3.50 இருப்பதால் கார் பொய்யாகிவிடாது; ஃபேக்டரிப் பதிவு 3.91 என்று தெளிவாகச் சொல்கிறது, கேரியரை மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றேன். ஆனால் அப்படிச் சொன்னால் போதாது. மாற்றியதற்கு இரும்பிலேயே அடையாளம் வேண்டும்.

அடையாளம் கேரியரை ஹவுசிங்கோடு பிடிக்கும் நட்டு ஒன்றின் அடியில் இருந்தது. ஃபோர்டு அங்கே ஒரு சின்னத் தகரச் சீட்டை மாட்டி அனுப்பும். பல காரில் அது முதல் சர்வீஸிலேயே காணாமல் போயிருக்கும். இங்கே இருந்தது, கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாகி, சீட்டு என்றே தெரியவில்லை. கரைப்பானில் நனைத்த துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்து, பித்தளை பிரஷால் மெதுவாகத் தேய்த்தோம். இரும்பு பிரஷ் போடக் கூடாது; எழுத்தும் சேர்ந்து போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்ததும் எழுத்துகள் நிழலோடு எழுந்தன. முதல் வரியில் மாடல் குறியீடு. இரண்டாவது வரியில் 3எல்50. தசமப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ‘எல்’ இருந்தால் லாக்கிங் வகை என்று பொருள். ஓபன் என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அடுத்து 9: கிரவுன் வீலின் விட்டம். அதற்கு அடுத்து 0-சி-பி.

அந்த மூன்று எழுத்துகள்தான் எல்லாவற்றையும் முடித்துவைத்தன. 0 என்றால் 1970. சி மார்ச். பி இரண்டாவது வாரம். கார் ஆலையை விட்டு வெளியே வந்தது 1969 பிப்ரவரி. கேரியர் பூட்டப்பட்டது 1970 மார்ச். ஒரு வருடத்துக்குப் பின் பிறந்த பாகம், அதற்கு முன் பிறந்த காரில் ஃபேக்டரியில் இருந்திருக்க முடியாது.

சீட்டையும் யாராவது மாற்றி மாட்டலாம் அல்லவா? அதனால் வார்ப்புத் தேதியையும் தேடினோம். கேரியரின் இரும்பிலேயே எழும்பி நிற்கும் எழுத்து அது; அதைப் பொய்யாக்குவது கடினம். 0-பி-24: 1970 பிப்ரவரி 24. வார்த்தது பிப்ரவரி கடைசி, பூட்டியது மார்ச் இரண்டாவது வாரம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. வார்ப்புத் தேதி எப்போதும் பூட்டிய தேதிக்கு முன்னால்தான் வர வேண்டும், அதுவும் சில வாரங்களுக்குள் வந்தால் நல்லது. ஒரு சீட்டு பூட்டிய தேதியை வார்ப்புக்கு முன்னால் காட்டினால் அந்தச் சீட்டு வேறு எங்கிருந்தோ வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். இங்கே சீட்டும் கேரியரும் ஒரே குடும்பம். ஆக, இது 1970 மாடல் கார் ஒன்றின் கேரியர்; ‘எஸ்’ ஆக்சிலாக வந்து, பின்னாளில் இந்தக் காருக்குக் குடி வந்தது.

ஆக்சில் ஷாஃப்ட் ஒன்றையும் உருவிப் பார்த்தோம். 9 அங்குலத்தில் இது சுலபம்: சக்கரம், டிரம் கழற்றி, பேக்கிங் பிளேட்டின் நான்கு நட்டுகளை எடுத்தால் ஷாஃப்ட் பேரிங்கோடு வெளியே வந்துவிடும். அதன் உள்முனையில் உள்ள ஸ்பிளைன் பற்களை எண்ண வேண்டும். சாதாரண 9 அங்குலத்தில் 28, கோப்ரா ஜெட்டில் 31. எண்ணத் தொடங்கும் பல்லில் மார்க்கர் வைக்காவிட்டால் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். 31 வந்தது. வந்த கேரியரும் கோப்ரா ஜெட்டுக்கு ஏற்றதே என்பதால் பழைய ஷாஃப்ட்டுகளோடு பொருந்தியிருக்கிறது.

எஞ்சின் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக்கின் பின்பகுதியில் அடித்த வண்டி எண் காரோடு ஒத்துப்போனது. அது காரோடு பிறந்த பிளாக். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் கூலர் இருந்தது. ஆனால் ஆயில் கூலரை வைத்து மட்டும் யாரும் முடிவு செய்ய வேண்டாம். புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஒரு பிற்பகலில் மாட்டிவிடலாம். பேலன்சருக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோது வெளி எதிர் எடை தெரிந்தது. அது கூடுதல் பலம். கேப் ஸ்குரூ ராடுகளைப் பார்க்க ஆயில் பேனைக் கழற்ற வேண்டும். விற்பவர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியபோது எடுத்த படங்களைக் காட்டினார். படத்தில் ராடுகள் சரியானவைதான். ஆனால் படத்தில் பிளாக்கின் எண் தெரியவில்லை. எந்த எஞ்சினின் வயிறு அது என்று படமே சொல்லாதபோது அதைச் சாட்சியாக எடுக்க முடியாது. அறிக்கையில் ‘ராடுகள் நேரில் பார்க்கப்படவில்லை’ என்று எழுதினேன்.

கேரியரை ஏன் மாற்றியிருப்பார்கள்? கணக்குப் போட்டால் காரணம் தெரியும். இந்தக் கியர்பாக்ஸில் நாலாவது கியர் நேர் 1, ஓவர்டிரைவ் கிடையாது. 26 அங்குல விட்டமுள்ள டயரோடு மணிக்கு 60 மைல் போனால், 3.91-இல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டும். 3.50-இல் 2700 அளவில் நிற்கும். சான் ஹோசேயில் இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு அந்த 300 சுற்று காதிலும் பெட்ரோல் பில்லிலும் தெரிந்திருக்கும். அதற்குக் கொடுத்த விலை வேறு பக்கம்: முதல் கியர் 2.32. அதை 3.91-ஆல் பெருக்கினால் 9-க்குச் சற்று மேல், 3.50-ஆல் பெருக்கினால் 8-க்குச் சற்று மேல். நின்ற இடத்தில் இருந்து பாயும் வேகம் அந்த அளவுக்குக் குறையும். டிராக் ஓட்டாதவருக்கு அது ஒரு இழப்பே இல்லை. 70-களில் இந்தக் கார்கள் வெறும் பழைய கார்கள். யாரும் குறியீடு பார்த்து விலை பேசவில்லை. கழற்றிய 3.91-ஐ வேறு யாராவது வாங்கிப் பந்தயத்தில் ஓட்டியிருப்பார்கள்.

மற்ற கம்பெனிக் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பான்டியாக் காருக்கு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் இருக்கிறது. மார்ட்டி போலவே ஃபேக்டரிப் பதிவின் நகல் கிடைக்கும். கிரைஸ்லர் குடும்பக் காருக்கு ஃபெண்டர் டேக் என்ற குறியீட்டுத் தகடும், இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ சொருகியிருக்கும் பிராட்காஸ்ட் ஷீட் என்ற ஆலைத் தாளும்தான் துணை; பலமான டேனா 60 ஆக்சில் வந்ததா என்பது அதில்தான் தெரியும். அமெரிக்காவில் விற்ற செவ்ரலே காமரோ வைத்திருப்பவர்கள் பாவம், அவர்களுக்கு இப்படி ஒரு பதிவு கிடையாது. வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் தகடு தப்பியிருந்தால் அதில் ஆக்சில் குறியீடு இருக்கும். இல்லாவிட்டால் ஆக்சில் குழாயில் அடித்த எழுத்தையும் தேதியையும் காரின் தேதியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க முடியும். அங்கே ஆக்சில் குழாய் பேசும். ஃபோர்டு 9 அங்குலத்தில் கேரியர் பேசும், அதுவும் தனக்காக மட்டும்தான் பேசும், காருக்காக இல்லை.

இன்னொன்று: குறியீட்டுப் பட்டியலை ஆண்டு பார்த்து எடுங்கள். ஃபோர்டின் ஆக்சில் எழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1969 பட்டியலில் ‘ஆர்’ என்பது 3.25 டிராக்‌ஷன்-லாக், இதே காரின் வண்டி எண்ணில் ‘ஆர்’ ஓரிடத்தில் ஆலை, ஓரிடத்தில் எஞ்சின். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்தால் காரே வேறாகிவிடும்.

அறிக்கையை மூன்று வரியில் முடித்தேன். கார் ஃபேக்டரியில் ‘வி’ ஆக்சிலோடு, டிராக் பேக் எஞ்சினோடு பதிவானது: உறுதி. பின் ஷாக் ஏற்பாடு 4 ஸ்பீடு பிக் பிளாக் காருக்கு உரியது, ஷாஃப்ட்டுகள் 31 ஸ்பிளைன்: பொருந்துகிறது. கேரியர் 1970 மார்ச், 3.50 டிராக்‌ஷன்-லாக்: ஃபேக்டரியில் போட்டது இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே எந்தத் தேதியை, எந்த எழுத்தை வைத்துச் சொல்கிறேன் என்று எழுதி, சீட்டின் படத்தையும் வார்ப்புத் தேதியின் படத்தையும் சேர்த்தேன்.

விற்பவர் அதைப் படித்துவிட்டு விலையைக் குறைத்தார். நண்பர் வாங்கினார். நான் சொன்ன ஒரே நிபந்தனை, விற்பனைப் பத்திரத்தில் ‘ஒரிஜினல் ஆக்சில்’ என்ற சொல் வரக் கூடாது; ‘3.91-உடன் பதிவான கார், இப்போது 1970 தேதியிட்ட 3.50 கேரியர்’ என்று எழுத வேண்டும். அடுத்து வாங்குபவருக்கும் அது போய்ச் சேர வேண்டும் அல்லவா. நண்பர் இப்போது 3.50-ஐ வைத்தே ஓட்டுகிறார். நெடுஞ்சாலைக்கு அதுதான் சுகம் என்கிறார். கூடவே, 1969 ஜனவரியை ஒட்டிய வார்ப்புத் தேதி உள்ள ‘என்’ கேஸ் ஒன்றையும், 43-க்கு 11 பல் உள்ள 3.91 கிரவுன்-பினியன் ஜோடி ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் பூட்டி, இப்போதைய கேரியரை அதன் சீட்டோடு ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் பத்திரத்தில் எழுத வேண்டியது ‘1969 தேதிக்குப் பொருந்தும் 3.91 கேரியர், பின்னர் பூட்டியது’ என்றுதான்.